பால்வெள்ளை

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனதும், ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குச் சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போவேன். அந்த நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையின் இரைச்சல் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கும். பால்காரர் வந்திருக்கமாட்டார். தாய் நாயை முன்கூட்டியே வெளியே கட்டிவிடுவேன். அவள் தலையைத் தூக்கினாலே குட்டிகள் விழித்துக்கொள்ளும். குவியலாகக் கிடக்கிற குட்டிகளில் ஒன்றை மட்டும், படுத்திருக்கிற சாக்கோடு சேர்த்து மெல்ல இழுத்துத் தனியே விடவேண்டும். பிறகு அதன் முதுகுப் பக்கமாக, என் நிழல் விழாமல், மூச்சுக் காற்று படாமல், தரை அதிராமல் நின்று சாவிக்கொத்தை ஒரே ஒரு தடவை குலுக்கவேண்டும்.

காது கேட்கிற குட்டிக்குத் தூக்கத்திலேயே காது நுனி வெடுக்கென்று திரும்பும். சோதனை அவ்வளவுதான்.

போன பங்குனியில் என் பெட்டை நாய் மல்லி போட்ட ஆறு குட்டிகளில் ஐந்து காதைத் திருப்பின. ஆறாவது தூங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி குலுக்கினேன். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினேன். கொட்டகையின் மறுகோடியில் கிடந்த குட்டிகள்கூட எழுந்து நின்றுவிட்டன, இது எழவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறிலும் அழகு அதுதான். பால்வெள்ளை. ரோஜா நிற மூக்கு. முன்னங்கால் இரண்டும் கம்பு மாதிரி நேர். குனிந்து தோளில் விரல் வைத்ததும் கண் விழித்து, வாலை ஆட்டி, என் கட்டைவிரலைச் சப்பத் தொடங்கியது.

நான் ராஜபாளையம் நாய் வளர்க்கிறேன். இரண்டு பெட்டை, ஒரு ஆண், அவ்வப்போது குட்டிகள். இதைக் கென்னல் என்று சொல்ல வாய் வந்தாலும், தென்னங்கீற்றுக் கொட்டகையும் கம்பி வேலியும் வேப்பமரமும்தான் இருக்கின்றன. விருதுநகர்ச் சீமையின் நாய்க்கும் பாலாற்றங்கரையின் வாணியம்பாடிக்கும் பூர்வீகச் சொந்தம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊர் தோலுக்குப் பேர்போன ஊர். ஆனால் நாயைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தது தோல்தான்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் செலக்‌ஷன் வேலை பார்த்தவர். பதம் முடிந்த தோல்கள் மேஜைமேல் வந்து விழும். அப்பா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவை நீவி, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று அடுக்குகளில் போட்டுக்கொண்டே இருப்பார். பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிறு சிறு குழியாக இருந்தால் உண்ணிக்கடி. வட்ட வடு என்றால் அம்மை. நீளமான கோடு முள்வேலிக் கீறல். கருகின தடம் சூட்டுக்கோல். உட்புறத்தில் வெட்டு இருந்தால் அது ஆட்டின் குற்றமில்லை, உரித்தவன் கை தவறியது. "பாவம், பட்டினி கெடந்த ஆடு" என்று ஒரு தோலைத் தடவி அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை அந்த ஆடு பட்டதெல்லாம் தோலில் எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்த கண் வேண்டும், அவ்வளவுதான்.

தோலுக்கும் நாய்க்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. சுண்ணாம்பில் ஊறி விறைத்த தோலை மறுபடி மிருதுவாக்க, ஐரோப்பியத் தோல் ஷாப்புகளில் நாய் மலத்தைப் பயன்படுத்தினார்கள். விக்டோரியா காலத்து லண்டனில் அதைத் தெருத் தெருவாகப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களைப் பற்றிப் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ எழுதிவைத்திருக்கிறார். 1907ல் ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம் அந்த வேலையைச் செய்வது ஒரு நொதி என்று கண்டு, கணையத்திலிருந்து எடுத்த நொதியை ஓரோபான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே நாய்க்கு அந்தப் பொறுப்பு விட்டது. வழுவழுப்பான கையுறைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் பின்னால் தெருநாய் இருந்திருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் ஷாப்பின் கெமிஸ்ட். சொல்லிவிட்டு, மேலே தெரிகிற பளபளப்பை மட்டும் பார்த்து எந்தச் சரக்கையும் எடைபோடாதே என்றார்.

அதற்கு எங்கள் ஊரைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. மேஜைமேல் விழுந்த தோல் முதல் தரமாக இருந்த அதே வருஷங்களில்தான் பாலாற்று மணலுக்கடியில் ஊற்று உப்பாகிக்கொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. சுத்திகரிப்பு இல்லாத ஷாப்புகள் மூடின. அப்பா சில மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். பூட்டின ஷாப்புகளின் வாசலில் காவல் நாய்கள் மட்டும் முன்போலவே படுத்துக் கிடந்தன.

தோலைப் படிக்கத் தெரிந்தவன் நாயையும் படித்துவிடலாம் என்றுதான் தொடக்கத்தில் நம்பினேன். பால்வெள்ளை அந்த நம்பிக்கையை உடைத்தது. அந்த வெள்ளையில் ஒன்றும் எழுதியிருக்காது. எழுதுகிற மையே அங்கே வந்து சேரவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நிறம் தருகிற செல்கள் தோலிலேயே பிறப்பவை இல்லை. கருவில் முதுகுத்தண்டின் ஓரத்திலிருந்து கிளம்பி, உடம்பெங்கும் நடந்து போய்த் தங்களுக்கான இடத்தில் உட்காருகின்றன. பாதி வழியில் நின்றுபோனால் அந்தக் கோடிகள் வெள்ளையாகும். சாதாரண நாய்க்கும் வால் நுனி, பாதம், நெஞ்சு வெள்ளையாக இருப்பது இதனால்தான். உடம்பு முழுக்க வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்தால், அந்தச் செல்கள் மிகச் சிலவே ஊர் போய்ச் சேருகின்றன. அவை போகவேண்டிய இடங்களில் ஒன்று உள்காது. அங்கே அவற்றுக்கு நிறம் தருகிற வேலை இல்லை, உள்காதின் ரத்த ஓட்டத்தைக் காக்கிற வேலை. அவை வராத காதில் அந்த ரத்த நாளத் திசு சுருங்கி, கேட்கிற நரம்பு முனைகள் மடிந்துவிடுகின்றன. இது நடப்பது பிறந்த முதல் சில வாரங்களில். குட்டியின் காது துவாரம் திறப்பது ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில். வாசல் திறக்கிற சமயத்தில் உள்ளே விளக்கு அணைந்துகொண்டிருக்கிறது.

இந்தச் செய்தி அதிகம் ஆராயப்பட்டது டால்மேஷன் நாய்களில். லூயிசியானா அரசுப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் பல வருஷம் சோதித்துத் தொகுத்த கணக்கில், அமெரிக்க டால்மேஷன்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 நாய்க்கு இரண்டு காதும் கேட்பதில்லை, 22 நாய்க்கு ஒரு காது கேட்பதில்லை. அவர் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பிறக்கும்போதே காதிலோ கண்ணைச் சுற்றியோ கருந்திட்டு உள்ள டால்மேஷன் குட்டிக்குச் செவிடு வருவது குறைவு. நிறச் செல்கள் தலைவரை வந்துவிட்டன என்பதற்கு அந்தத் திட்டுதான் அத்தாட்சி. ஆனால் ஷோவில், அதாவது நாய்க் கண்காட்சியில், அந்தத் திட்டு பெரிய குறை. அது இருக்கிற நாயை விலக்கிவிடுவார்கள். காது கேட்பதற்கான அடையாளத்தையே குறையென்று எழுதிவைத்து, அந்தக் குறை இல்லாதவற்றையே சேர்த்துக் குட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராஜபாளையம் நாய்களில் காது கேளாத குட்டி பிறப்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் முதல் நாய் ராஜாவைத் தெற்கே ஒரு ஊரில் வாங்கினேன். யாரிடம், எந்த ஊர் என்பதை எழுதப்போவதில்லை. பேப்பர் கொடுத்தார்கள், தாய் தகப்பனைக் காட்டினார்கள், காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குட்டியாக இருந்தபோது கூப்பிட்டால் வரமாட்டான். அடம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை அதற்காக அடித்தும் இருக்கிறேன். பத்து மாதத்தில் ஒரு நாள் கேட் திறந்திருந்தது. நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை அவன் கடந்தபோது வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. நானும் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. அவனை அடித்த கைதான் இன்றைக்குச் சாவிக்கொத்தைக் குலுக்குகிறது.

ஷோவுக்கு நான் விரோதி இல்லை. நல்ல நாயைக் கழுவித் துடைத்து, நடை பழக்கி, நாலு பேர் முன்னால் நிறுத்துவதில் இருக்கிற சந்தோஷம் உண்மையானது. மே மாதத்து ஊட்டி நாய்க் கண்காட்சிக்கும் சென்னைக் கண்காட்சிகளுக்கும் போயிருக்கிறேன். இந்தியக் கென்னல் கிளப்புக்குச் சென்னைதான் தலைமையிடம் என்பதால், நம் பக்கத்து ஆட்களுக்கு ரிங் அந்நியமான இடமில்லை. நடுவர் வருவார். உதட்டைத் தூக்கிப் பல் வரிசை பார்ப்பார், மேல் பல் கீழ்ப் பல்லைக் கத்தரிபோல ஒட்டி மூடுகிறதா என்று. தோள் எலும்பின் சாய்வை விரலால் அளப்பார். முதுகை நீவுவார். ஆண் நாய்க்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பிறகு முக்கோணமாக ஓடவிட்டு நடையைக் கவனிப்பார். நல்ல நடுவரின் கை வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வரும். அதே உள்ளங்கை, அதே நிதானம்.

ஆனால் அந்தக் கை உள்காதுக்குள் போகாது. ஒரு தடவை சென்னையில், ஒலிபெருக்கி அலறுகிற, நூறு நாய் ஒரே சமயத்தில் குரைக்கிற மைதானத்தில், ஒரு வெள்ளை நாய் மட்டும் சிலைபோல நின்றது. பக்கத்து நாய்களெல்லாம் பதறின, திமிறின. அது தன் ஆளின் கையையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. சுற்றி நின்றவர்கள் அதன் நிதானத்தை மெச்சினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது செவிடு என்று நான் சொல்லமுடியாது, சோதித்துப் பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் விதியில் செவிட்டு நாய் ஷோ போட்டியில் கலந்துகொள்ளக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் எந்த விதியும் கண்ணில் படுகிற குறையைத்தான் பிடிக்கும். அந்த ரிங்கில் செவிடு அழகாகத்தான் நிற்கும்.

நாய்க் கண்காட்சி பிறந்த கதை இதற்கு நேர் எதிரானது. 1859ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் நடந்ததைத்தான் முதல் முறையான கண்காட்சி என்கிறார்கள். பாயின்டரும் செட்டரும் மட்டுமே வந்தன, இரண்டும் வேட்டை நாய்கள். பரிசு துப்பாக்கி. காட்டில் வேலை செய்கிற நாயை ஊரில் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். 1873ல் அங்கே கென்னல் கிளப் உருவானது. 1891ல் சார்லஸ் கிரஃப்ட் என்ற நாய் பிஸ்கட் வியாபாரி தன் பெயரில் தொடங்கிய கண்காட்சி உலகத்திலேயே பெரியதாகிவிட்டது. வேட்டைக்காரன் பார்த்த இடத்தில் வியாபாரியும் ரசிகனும் பார்க்க ஆரம்பித்தார்கள். 2008ல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம், பரிசு வாங்கும் நாய் இனங்களின் பரம்பரை நோய்களைக் காட்டியது. மண்டையோடு மூளைக்குப் போதாமல் வலியில் கத்துகிற கவலியர் நாய்களை அதில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறு வருஷம் பிபிசி கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது.

நம் பக்கத்திலும் நாயின் வேலை போன பிறகுதான் நிறம் பெரிதாயிற்று என்று எனக்குப் படுகிறது. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் இருந்த நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தியவை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வரவேண்டிய சட்டம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வேட்டை என்ற பரீட்சை அதோடு நின்றது. காது கேளாத நாயைப் பன்றிக் காட்டுக்கு யாரும் கூட்டிப்போயிருக்கமாட்டார்கள். தவறிப் போனால் அது திரும்பி வந்திருக்காது. காடு தானாகக் கழித்துவிட்டதை இப்போது வளர்க்கிறவன் தன் கையால், தன் மனசறிந்து கழிக்கவேண்டியிருக்கிறது.

அரசாங்கமும் முயன்று பார்த்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நாட்டு நாய்களுக்கென்று ஓர் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. அங்கே குட்டிக்குப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பராமரிப்புப் பற்றிய புகார்கள் எழுந்து, விவகாரம் நீதிமன்றம்வரை போய், அது மூடப்பட்டது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்த சு. தியடோர் பாஸ்கரன் நாட்டு நாய்களைப் பற்றி ஓயாமல் எழுதி வந்ததும், 2017ல் இந்திய நாய்களுக்கென்றே ஒரு புத்தகம் கொடுத்ததும் என்னைப் போன்றவர்களுக்குக் கை விளக்கு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறையாக இனப் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதும் என் தொலைபேசி ஓயவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "சார், சுத்த வெள்ளையா? மூக்கு ரோஸா?" காது கேட்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். ராஜாவை வாங்கும்போது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே எங்கள் கொட்டகையில் சில பழக்கங்களை நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம். 2017ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்க்கக்கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. நாங்கள் மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். மூன்று ஈன்ற பெட்டையின் இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் காரணம் சொல்லவேண்டியதில்லை. எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுப்பதில்லை என்பதும் விதிதான். அதை விதி என்பதற்காக நாங்கள் செய்வதில்லை. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965ல் எழுதிய புத்தகம், மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை குட்டி கண்டதும் கேட்டதும்தான் அதன் குணத்துக்கு அடித்தளம் என்று காட்டியது. அதனால் அந்த வாரங்களில் என் கொட்டகைக்கு யார் வந்தாலும் வரட்டும் என்று விட்டுவிடுவேன். பர்தா போட்ட பெண்கள், தொப்பி வைத்த பெரியவர்கள், யூனிஃபார்ம் பிள்ளைகள், தீபாவளி மிச்ச வெடி, ரம்ஜான் பிறை பார்த்த இரவின் கூட்டம், எல்லாவற்றையும் குட்டிகள் பார்த்துப் பழகவேண்டும். வாணியம்பாடியில் வளர்ந்த குட்டி எந்த ஊரிலும் மிரளாது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

எல்லாவற்றிலும் கஷ்டமான பழக்கம், வேண்டாம் என்று சொல்வது. செவிட்டுக் குட்டியை விற்பதில்லை, கருத்தடை செய்து நாங்களே வைத்துக்கொள்கிறோம். அதைப் பெற்ற ஜோடியை மறுபடி சேர்ப்பதில்லை. காது கேட்கிற அண்ணன் தம்பிகளை வாங்குகிறவர்களிடமும் இந்த ஈற்றில் ஒன்று செவிடு என்று சொல்லிவிடுகிறோம். சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். இன்னொரு உண்மையையும் அவர்களிடம் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை என் சாவிக்கொத்தால் பிடிக்கமுடியாது. அது கேட்கிற காதைத் திருப்பிவிடும், வீட்டில் நன்றாகவே வாழும், ஆனால் தன் குட்டிகளுக்குச் செவிட்டைக் கடத்தக்கூடும். தலையில் மின்முனை பொருத்தி ஒவ்வொரு காதாக மூளை அலை பார்க்கிற சோதனை ஒன்றுதான் அதைக் காட்டும். அந்தக் கருவி எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் நான் பார்த்ததில்லை. ஷோ நடத்துகிறவர்கள் மனசு வைத்தால், வெள்ளை நாய்க்கு அந்தச் சான்று இல்லாமல் சாம்பியன் பட்டம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால், கருவி தானாக வந்துவிடும். தேவை இருக்கிற இடத்துக்குச் சரக்கு வரும் என்பது தோல் மண்டிக்காரருக்குத் தெரிந்த கணக்குதான்.

மல்லியின் அந்த ஈற்றில் இன்னொரு குட்டியும் இருந்தது. இடது காது முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம், அதே பக்கக் கண்ணைச் சுற்றிலும் ஒரு வளையம். பிறந்ததும் பார்த்த நண்பர் ஒருவர், "இது பெட் குவாலிட்டி, சும்மா யாருக்காவது குடுத்துடு" என்றார். முன்காலத்தில் இப்படி நிறம் விழுந்த குட்டிகளைக் கண் திறக்குமுன்பே தண்ணீரில் போட்டுவிடுவார்கள் என்று பழைய ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். நான் அதற்கு மைனா என்று பெயர் வைத்து நிறுத்திக்கொண்டேன். சாவிச் சத்தத்துக்கு முதலில் காதைத் திருப்பியவள் அவள். நல்ல எலும்பு, நல்ல பல், கூர்மையான புத்தி. என் அடுத்த தலைமுறை அவள் வழியாகத்தான் வரும். அவளை ரிங்கில் ஏற்றினால் ஒரு சான்றிதழும் கிடைக்காது, அவள் குட்டிகளில் நிறம் விழுந்தால் விலை பாதியாகும். தெரிந்தேதான் செய்கிறேன். டால்மேஷன்காரர்களில் ஒருவர் இதைவிடத் துணிந்தவர். சிறுநீர்க் கல் தருகிற மரபணு அந்த இனம் முழுவதிலும் பரவிவிட்டது என்று கண்டு, ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலர் 1973ல் ஒரே ஒரு பாயின்டரைக் கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்துக் குறையை மட்டும் களைந்தார். கலப்படம் என்று ஏறக்குறைய நாற்பது வருஷம் பேசினார்கள். 2011ல் அமெரிக்கக் கென்னல் கிளப் அந்த வழியைப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. இனச் சுத்தம் என்பதை ரத்தத்தைப் பூட்டிவைப்பதாகப் புரிந்துகொண்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் ஆரோக்கியமான நாய்.

செவிட்டுக் குட்டிக்கு முல்லை என்று பெயர். கூப்பிடவே முடியாத நாய்க்குப் பெயர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். பூட்டின ஷாப்பில் வாட்ச்மேனாக இருந்த பாய் மட்டும் கேட்கவில்லை. எண்பதை நெருங்கிவிட்ட மனிதர். மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் வேலிப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். நாயை வீட்டுக்குள் விடமாட்டார், மேலே பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழுகைக்குப் போவார். ஆனால் 1996ல் ஷாப்பு பூட்டியிருந்த மாதங்களில், சம்பளம் வராதபோதும், தன் வீட்டுச் சோற்றில் பாதியைக் கேட் நாய்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டவர் அவர்தான். காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்பார். தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்கு ஒருவர் கிணற்றில் இறங்கித் தன் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதைப் பல்லில் கவ்விக்கொண்டு மேலேறி வந்து கொடுத்தார், அதற்காக அவர் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியை எனக்குச் சொன்னவரும் அவர்தான். முதன்முதலாகக் கேட்டபோது நான் கவனித்தது அந்தக் காலுறை தோலால் ஆனது என்பதை. செருப்பு தைக்கிற சீமையில் வளர்ந்தவனுக்கு அதுதான் முதலில் படும்.

"தம்பி, இதுக்குக் காது இல்லன்னா என்னா, அல்லா கண்ண ரெண்டு மடங்கு குடுத்திருக்கான் பாரு" என்று முல்லையைக் காட்டிச் சொன்னார்.

"ஆமா பாய், ராத்திரி லைட்டைப் போட்டு அணைச்சா வந்துடுது" என்றேன்.

உண்மைதான். உள்ளங்கையை விரித்தால் உட்காரும், விரலை மடக்கினால் வரும். தூங்கும்போது எழுப்ப வேண்டுமானால் தோளில்தான் கை வைக்கவேண்டும், முகத்துக்கு நேரே போனால் பதறிவிடும். வேலிக்கு வெளியே மட்டும் கயிறில்லாமல் விடுவதில்லை. ராஜா கற்றுக்கொடுத்தது அது.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஆயிரத்து நானூறு வருஷப் பழமை. கருந்தேவகத்தி என்ற வீரன் கள்ளரோடு பொருது இறந்ததையும், அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் சொல்கிற கல்வெட்டு அதில் உண்டு. வீரனுக்குப் பின்னால் அந்த நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நான் அங்கே போனபோது உச்சி வெயில். கல்லின் சொரசொரப்பில் அதன் வடிவை விரலால் தடவிப் பார்த்தேன், அப்பா தோலை நீவுகிற மாதிரி. பெயர் இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது, நின்ற இடம் இருக்கிறது. நிறம் எழுதியிருக்கவில்லை.

நேற்று மாலை மழை பிடிக்கப்போகிற இருட்டு. ஏலகிரி மலை மறைந்துவிட்டது. பாய் நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். முல்லை வேப்பமரத்தடியில் கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தியிருக்கவேண்டும், எனக்கே கேட்கவில்லை. கொட்டகைக்குள் இருந்த மைனாவின் காப்பிக்கொட்டைக் காது திரும்பியது. அவள் குரைத்துக்கொண்டே முல்லையைத் தாண்டிக் கேட்டை நோக்கி ஓடினாள். குரைப்புக்கு முல்லை எழவில்லை. மைனாவின் கால்கள் மண்ணில் மோதிய அதிர்வு வயிற்றில் பட்டதும் கண்ணைத் திறந்தாள், எந்தப் பக்கம் என்று ஒரு நொடி பார்த்தாள், பிறகு அவள் பின்னாலேயே ஓடினாள்.